தேய்மானம் என்றொரு சொல்

நம் பக்கத்தில் ஐம்பதைத் தாண்டிய இரண்டு பேர் சந்தித்தால் முதல் பேச்சு மழை, இரண்டாவது குச்சிக்கிழங்கு விலை, மூன்றாவது முழங்கால். இந்த வரிசை அநேகமாக மாறுவதில்லை. "எக்ஸ்ரே எடுத்துப் பாத்தேனுங்க, தேய்மானம்னு சொல்லிட்டாங்க" என்பார் ஒருவர். "எனக்கும் அதேதான், கேப் கொறைஞ்சு போச்சாம்" என்பார் மற்றவர். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும். தேய்மானம் என்று சொல்லிவிட்ட பிறகு மேலே பேச என்ன இருக்கிறது? வண்டி அச்சு தேய்கிறது, செருப்பு தேய்கிறது, அதுபோல முழங்காலும் தேய்கிறது. தேய்ந்தது தேய்ந்ததுதான்!

சந்திப்பு மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று சங்கத்தார் கேட்டபோது, விலங்கியல் படித்தவன் என்ற உரிமையில், இந்த ஒற்றைச் சொல்லின் வரலாற்றை எழுதலாம் என்று தோன்றியது. மாணவப் பருவத்தில் வடசென்னிமலைப் படிகளை ஒரே மூச்சில் ஓடி ஏறிய நண்பர்கள் பலர், இன்று ஏறுவதற்கு முன் படிகளை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துக்கொள்கிறார்கள். அவர்களுக்கு இது பயன்படும். இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு வேறு ஒரு காரணத்துக்காகப் பயன்படலாம். இந்தக் கதை இன்னும் முடியவில்லை, அதன் கடைசிப் பக்கங்கள் எழுதப்படாமல் கிடக்கின்றன.

மூட்டு வலி என்பது பழைய நோய். ஆனால் மூட்டுக்குள் இருக்கும் குருத்தெலும்பைப் பற்றி முறையாக எழுதப்பட்ட ஆரம்பகாலக் கட்டுரைகளில் முக்கியமானது 1743-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. லண்டனில் வில்லியம் ஹண்டர் என்ற இளம் மருத்துவர், மூட்டுகளின் குருத்தெலும்பு எப்படி அமைந்திருக்கிறது, அதற்கு என்ன நோய் வருகிறது என்று ஆராய்ந்து, அதை ராயல் சொசைட்டியின் முன் வைத்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்துதான். புண்பட்ட குருத்தெலும்பு பெருந்தொல்லை, அது ஒருமுறை அழிந்தால் திரும்ப வளர்வதில்லை என்பது பண்டைய கிரேக்க மருத்துவர் காலத்திலிருந்து எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம் என்று அவர் எழுதினார். இருநூற்று எண்பது வருஷம் ஆகியும் அந்த வாசகத்தை முழுவதுமாகப் பொய்யாக்க எவராலும் முடியவில்லை என்பது வியப்புதான்.

ஏன் திரும்ப வளர்வதில்லை? குருத்தெலும்பு ஒரு விசித்திரமான பொருள். அதற்குள் ரத்தக் குழாய் கிடையாது, நரம்பு கிடையாது. மூட்டைச் சுற்றியுள்ள உறை சுரக்கும் வழுவழுப்பான நீரிலிருந்துதான் அதற்குச் சாப்பாடு போய்ச் சேர வேண்டும். ஆரோக்கியமான முழங்காலில் அந்த நீர் சில மில்லிலிட்டர்தான் இருக்கும். நாம் நடக்கும்போது குருத்தெலும்பு அமுங்கி விரிகிறது. பஞ்சைத் தண்ணீரில் அமுக்கி எடுப்பது போல, அந்த அசைவில்தான் நீர் உள்ளே போய் வெளியே வருகிறது. உயிருள்ள செல்களோ மிகக் குறைவு. குருத்தெலும்பின் கன அளவில் நூற்றுக்கு ஒன்று முதல் ஐந்து பங்குக்குள்தான். மற்றதெல்லாம் அந்தச் செல்கள் தங்களைச் சுற்றிக் கட்டிக்கொண்ட வீடு. நார் நாராகக் கொலாஜன், அந்த நார்களுக்கிடையே தண்ணீரை இழுத்துப் பிடித்துக்கொள்ளும் புரோட்டியோகிளைக்கான், மீதி தண்ணீர். காலி மைதானத்தில் ஒரே ஒரு காவல்காரன் குடிசை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். பழுது பார்க்கவும் அவன்தான், இடிக்கவும் அவன்தான். அவன் ஏன் இடிக்கிறான் என்பதுதான் இனி வரப்போகும் கதை.

கொலாஜன் என்றதும் நம் மாநிலத்துப் பங்கைச் சொல்லாமல் போனால் அது நியாயமாகாது. 1952-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைக்குத் தலைமையேற்க வந்தார் ஜி. என். ராமச்சந்திரன். அதே சமயத்தில் சென்னைக்கு வந்திருந்த பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜே. டி. பெர்னால், கொலாஜனின் வடிவம் இன்னும் யாருக்கும் சரியாகப் பிடிபடவில்லை என்று பேச்சுவாக்கில் சொன்னாராம். ராமச்சந்திரன் அதைப் பிடித்துக்கொண்டார். அடையாற்றில் 1948-இல் தொடங்கப்பட்டிருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தின் மூலம் கங்காருவின் வால் தசைநாரைப் பெற்று எக்ஸ்ரே படம் எடுத்தார். தோல் ஆராய்ச்சிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். தோலும் தசைநாரும் குருத்தெலும்பும் அடிப்படையில் கொலாஜன்தான்! 1954-இல் ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 'நேச்சர்' இதழில், கொலாஜன் என்பது மூன்று இழைகள் சேர்ந்த கயிறு என்று அறிவித்தார்கள். அடுத்த ஆண்டு அந்த இழைகள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக்கொள்ளும் விதத்தைச் சேர்த்துத் திருத்தினார்கள். நம் முழங்காலுக்குள் இருப்பது மூன்று புரிக் கயிறு என்பதை உலகத்துக்குச் சொன்ன இடம் கிண்டி. குருத்தெலும்பில் இருப்பது அந்தக் குடும்பத்திலேயே தனி வகை, இரண்டாம் வகைக் கொலாஜன் என்பது 1969-இல்தான் தெரிந்தது. கயிறு எப்படித் திரிக்கப்பட்டிருக்கிறது என்று தெரிந்தாயிற்று. அதை அறுப்பது யார் என்பதற்கு இன்னும் காலம் பிடித்தது.

இதற்கிடையில் எக்ஸ்ரே வந்து ஒரு பெரிய உபகாரமும் ஒரு சிறிய கெடுதலும் செய்தது. 1957-இல் இங்கிலாந்தின் கெல்கிரென், லாரன்ஸ் என்ற இருவர், எக்ஸ்ரே படத்தைப் பார்த்து மூட்டு நோயைப் பூஜ்யத்திலிருந்து நான்கு வரை தரம் பிரிக்கும் முறையை வகுத்தார்கள். இன்றும் நம் ஊர் டாக்டர் "கிரேட் டூ", "கிரேட் த்ரீ" என்று சொல்வது அவர்கள் போட்ட கணக்குதான். ஆனால் எக்ஸ்ரேயில் குருத்தெலும்பு தெரியாது. எலும்பு தெரியும், எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே உள்ள இடைவெளி தெரியும். அந்த இடைவெளி குறைந்திருந்தால் குருத்தெலும்பு குறைந்திருக்கிறது என்று ஊகம் செய்கிறோம். வீட்டுக்குள் நடக்கும் சண்டை தெரியாமல் மதில் சுவர் விரிசலை மட்டும் அளந்து பார்ப்பதைப் போன்ற காரியம் இது. அதனால்தான் படத்தில் மோசமாகத் தெரியும் முழங்கால்காரர் சந்தைக்கு நடந்து போய் வருகிறார், படத்தில் சுமாராகத் தெரிபவர் கட்டிலை விட்டு எழ முடியாமல் அவதிப்படுகிறார். இடைவெளியைப் பார்த்துப் பார்த்து, 'தேய்மானம்' என்ற சொல் மருத்துவர் வாயிலும் நம் வாயிலும் உறைந்துவிட்டது.

என் அம்மாவுக்கு அந்தச் சொல் கிடைத்தது அவருடைய நாற்பத்தெட்டாவது வயதில். ஜவ்வரிசி ஆலையில் கிழங்கு தோல் சீவும் வேலை. காலையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பார். முழங்கால் வீங்கி, தொட்டால் சுடுவதாகச் சொல்வார். "தேஞ்சு போனது எப்படிடா கண்ணு சுடும்?" என்று ஒரு நாள் கேட்டார். பள்ளிக்கூடம் பார்க்காத அந்த அம்மாள் கேட்ட கேள்வி, மருத்துவ உலகம் பல பத்தாண்டுகளாகத் தனக்குள் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி. தேய்ந்த செருப்பு வீங்குவதில்லை, சுடுவதில்லை, இரவில் குத்துவதில்லை.

அந்தக் கேள்விக்கு முதல் நல்ல பதில் கிடைத்தது ஒரு கிழவியிடமிருந்து. மரியாதைக் குறைவாகச் சொல்லவில்லை, வியப்பில் சொல்கிறேன். கேம்பிரிட்ஜ் ஸ்ட்ரேஞ்ச்வேஸ் ஆய்வகத்தை 1929 முதல் 1970 வரை நடத்திய ஹானர் ஃபெல், ஓய்வு பெற்ற பிறகும் பரிசோதனை மேசையை விடவில்லை. 1977-இல், எழுபத்தேழு வயதில், ஜப் என்ற சகாவுடன் அவர் வெளியிட்ட ஒரு பரிசோதனையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

பன்றியின் மூட்டிலிருந்து குருத்தெலும்புத் துண்டை எடுத்து ஒரு கண்ணாடித் தட்டில் வைத்தார்கள். அதே தட்டில், அதைத் தொடாமல், கொஞ்சம் தள்ளி, மூட்டு உறைத் துண்டு ஒன்றை வைத்தார்கள். சில நாட்களில் குருத்தெலும்பு கரையத் தொடங்கியது. உறை ஏதோ அரிக்கும் திரவத்தைச் சுரந்துவிட்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் குருத்தெலும்பைக் கொன்றுவிட்டு, அதாவது அதன் செல்களைச் சாகடித்துவிட்டு, அதே மாதிரி தள்ளி வைத்தபோது அது கரையவில்லை! அப்படியானால் உறை அனுப்பியது அமிலமோ அரமோ அல்ல, ஒரு செய்தி. "உன் வீட்டை இடி" என்ற செய்தி. அதைக் கேட்டு இடித்தது குருத்தெலும்பின் சொந்தச் செல்களே. செத்த செல்லுக்குக் காது கேட்காது, அதனால் இடிக்கவில்லை. இதைவிடத் தெளிவான பரிசோதனையை நான் அதிகம் படித்ததில்லை. கருவி என்று பார்த்தால் தட்டும் கத்தியும் நுண்ணோக்கியும்தான்.

அந்தச் செய்திப் பொருளுக்கு முதலில் 'கேட்டபாலின்' என்று பெயர் வைத்தார்கள். 1985-இல் ஜெரமி சக்லத்வாலாவும் சகாக்களும் அது வேறு எதுவுமில்லை, வெள்ளை அணுக்கள் காய்ச்சலின்போது சுரக்கும் இன்டர்லூக்கின்-1 தான் என்று காட்டினார்கள். காய்ச்சலும் முட்டி வலியும் ஒரே பாஷையில் பேசுகின்றன! அம்மாவின் முழங்கால் சுட்டதற்கு இது பாதி விடை.

மீதிப் பாதிக்கு வேறொரு தெருவிலிருந்து வர வேண்டும். அந்தத் தெருவின் பெயர் தூசி.

1946-இல், டி.என்.ஏ. விதிகளுக்காகப் பிற்பாடு புகழ்பெற்ற எர்வின் சார்காஃப், ராண்டால்ஃப் வெஸ்ட் என்பவரோடு சேர்ந்து ரத்தம் உறைவதை ஆராய்ந்துகொண்டிருந்தார். தட்டணுக்களை நீக்கிய பிளாஸ்மாவை இன்னும் வேகமாகச் சுழற்றியபோது, அடியில் ஏதோ ஒரு நுண்ணிய படிவு தங்கியது. அதற்கும் ரத்தத்தை உறைய வைக்கும் சக்தி இருந்தது. 1967-இல் பீட்டர் வுல்ஃப் அதை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து 'தட்டணுத் தூசி' என்று பெயர் வைத்தார். செல் உதிர்த்த தூசிக்கு அதற்கு மேல் யாரும் மதிப்புக் கொடுக்கவில்லை.

அதே 1967-இல் குருத்தெலும்பிலும் ஒரு தூசி தெரிந்தது. அமெரிக்காவில் கிளார்க் ஆண்டர்சனும் ரோமில் எர்மான்னோ பொனுச்சியும், ஒருவர் வேலையை மற்றவர் அறியாமலே, வளரும் எலும்பின் முனையில் உள்ள குருத்தெலும்பை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். செல்களுக்கு வெளியே, சும்மா கிடக்கும் இடத்தில், குட்டிக் குட்டிப் பைகள். அவற்றைச் சுற்றித்தான் சுண்ணாம்புப் படிகம் முதலில் தோன்றியது. குருத்தெலும்பு எலும்பாக மாறுகிறதே, அந்த மாற்றத்தின் வித்து அந்தப் பைகள்தான். 1970-இல் யூசுஃப் அலி, ஆண்டர்சனுடன் சேர்ந்து அந்தப் பைகளைத் தனியே பிரித்தெடுத்தார். அதே பத்தாண்டில், நோயுற்ற வயதானவர்களின் குருத்தெலும்பிலும் அத்தகைய பைகளும் சுண்ணாம்பு மணிகளும் இருப்பதை அவர் காட்டினார். செல்வெளி நுண்பை என்று இன்று உலகமே பேசும் பொருள் ஆதியில் கண்ணில் பட்ட இடங்களில் ஒன்று மூட்டுதான் என்பதை, இந்தத் துறையில் இருப்பவர்களே அடிக்கடி மறந்துவிடுகிறார்கள்.

அடுத்த அத்தியாயம் செம்மறியாட்டில் நடக்கிறது. நம் பக்கத்துக்குப் பழக்கமான பிராணி! கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் ரோஸ் ஜான்ஸ்டோனும் அவருடைய மாணவர் பின்-தாவ் பானும், இளம் சிவப்பணு முதிரும்போது இரும்பை உள்ளே வாங்கும் கொக்கியை எப்படித் தொலைக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தார்கள். செல்லுக்குள் ஒரு பை, அந்தப் பைக்குள் பல குட்டிப் பைகள், பெரிய பை செல் சுவரோடு ஒட்டி வாயைத் திறக்க, குட்டிப் பைகள் வெளியே கொட்டுகின்றன. அவற்றின் மேல் அந்தக் கொக்கிகள் இருந்தன. இது 1983. அதே ஆண்டில் அமெரிக்காவில் ஹார்டிங், ஹியூசர், ஸ்டால் என்ற மூவர் எலியின் செல்லில் இதையே கண்டார்கள். 1987-இல் ஜான்ஸ்டோன் குழு இதற்கு 'எக்ஸோசோம்' என்ற பெயரைப் பயன்படுத்தியது. செல் தனக்கு வேண்டாததை மூட்டை கட்டி வாசலில் எறிகிறது என்பதுதான் அப்போதைய பொதுக் கருத்து. குப்பை என்று நினைத்ததால் பல வருஷம் யாரும் அந்த மூட்டையை அவிழ்த்துப் பார்க்கவில்லை.

அவிழ்த்துப் பார்த்தபோது கிடைத்தது என்ன? 1996-இல் கிராசா ராப்போசோவும் சகாக்களும், நோய் எதிர்ப்புச் செல்கள் வெளியிடும் இந்தப் பைகள் மற்ற செல்களைத் தூண்டிவிடும் வல்லமை கொண்டவை என்று காட்டினார்கள். 2007-இல் ஸ்வீடனின் கோதென்பர்க் நகரில் வலாதி, லோட்வால் குழு இன்னும் அதிசயமான ஒன்றைச் செய்தது. எலிச் செல் வெளியிட்ட பைகளை மனிதச் செல்லுக்குக் கொடுத்தார்கள். மனிதச் செல்லுக்குள் எலியின் புரதங்கள் தோன்றின! பைகளுக்குள் ஆர்.என்.ஏ. இருந்தது. அதாவது வெறும் தூசி அல்ல, குப்பையும் அல்ல, எழுத்து உள்ள கடிதம். வாங்கிய செல் அதைப் படித்து அதன்படி நடக்கிறது.

அளவைச் சொன்னால்தான் இந்தத் தாமதம் புரியும். எக்ஸோசோம் ஏறத்தாழ 30 முதல் 150 நானோமீட்டர். நம் கல்லூரி ஆய்வகத்து நுண்ணோக்கி எவ்வளவு துடைத்து வைத்தாலும் ஏறக்குறைய 200 நானோமீட்டருக்குக் கீழே பிரித்துக் காட்டாது. அது லென்ஸின் குற்றமல்ல, ஒளியின் எல்லை. இவற்றைப் பிடிக்க, புவியீர்ப்பைப் போல ஒரு லட்சம் மடங்கு விசையில் சுழற்றும் எந்திரம் வேண்டும்.

இனி இரண்டு தெருக்களும் மூட்டுக்குள் வந்து சேர்கின்றன. 2010-இல் எரிக் பொயிலார்டும் சகாக்களும் 'சயன்ஸ்' இதழில் ஒரு செய்தி வெளியிட்டார்கள். முடக்குவாத நோயாளிகளின் மூட்டு நீரில் வுல்ஃப் சொன்ன அந்தத் தட்டணுத் தூசி கிடக்கிறது, அது மூட்டு உறைச் செல்களைச் சீண்டி அழற்சியைப் பெருக்குகிறது. தூசி பிறப்பதற்குத் தூண்டுகோல், தட்டணு கொலாஜனைத் தொட்டு உணரும் ஓர் உறுப்பு. ராமச்சந்திரனின் மூன்று புரிக் கயிறு இங்கேயும் தலைகாட்டுகிறது பாருங்கள். ஆனால் நம் ஊர்க்காரர்களின் தேய்மான நோய், அதாவது ஆஸ்டியோ ஆர்த்ரைட்டிஸ் உள்ளவர்களின் மூட்டு நீரில் அந்தத் தட்டணுத் தூசியை அவர்கள் காணவில்லை. இரண்டு நோய்க்கும் வலி ஒன்றாக இருக்கலாம், கடிதம் போடுபவர் வேறு.

அப்படியானால் தேய்மான முழங்காலில் கடிதம் போடுபவர் யார்? ஜப்பானின் ஹிரோஷிமாவில் கத்தோவும் சகாக்களும் 2014-இல் இதற்குப் பதில் சொன்னார்கள். ஹானர் ஃபெல்லின் பழைய பரிசோதனையின் பேரன் என்று இதைச் சொல்லலாம். மூட்டு உறைச் செல்லுக்கு இன்டர்லூக்கின்-1 கொடுத்துக் கோபப்படுத்தினார்கள். அது வெளியிட்ட நுண்பைகளை மட்டும் தனியே பிரித்து, ஆரோக்கியமான குருத்தெலும்புச் செல்லுக்குக் கொடுத்தார்கள். அந்தச் செல் கயிறு திரிக்கும் வேலையைக் குறைத்துக்கொண்டு, கயிறு அறுக்கும் கத்தரிகளைத் தயார் செய்யத் தொடங்கியது. எம்.எம்.பி.-13 என்பது இரண்டாம் வகைக் கொலாஜனை அறுக்கும் கத்தரி. ஏ.டி.ஏ.எம்.டி.எஸ்.-5 என்பது தண்ணீரைப் பிடித்துவைக்கும் புரோட்டியோகிளைக்கானை வெட்டும் கத்தரி. இரண்டும் கூடின. கோபப்படுத்தாத செல்லின் பைகளைக் கொடுத்தபோது இப்படி நடக்கவில்லை. பைகள் ஒன்றுதான், உள்ளே உள்ள வாசகம் மாறியிருக்கிறது. ஐம்பது மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களின் அளவு மாறுபட்டிருப்பதை அவர்கள் கணக்கெடுத்தார்கள்.

2019-இல் சீனாவிலிருந்து வந்த ஓர் ஆய்வு எதிர்த் திசைக் கடிதப் போக்குவரத்தைக் காட்டியது. நோயுற்ற குருத்தெலும்புச் செல்லும் சும்மா இருப்பதில்லை. அது வெளியிடும் பைகளை மூட்டு உறையில் உள்ள விழுங்கு செல்கள் வாங்கிக்கொள்கின்றன. வாங்கிய பிறகு தங்களுக்குள்ளேயே குப்பை கூட்டும் வேலையில் சுணங்கி, இன்டர்லூக்கின்-1 பீட்டாவை அதிகமாக வெளியிடுகின்றன. அது உறைச் செல்லைக் கோபப்படுத்தும். உறைச் செல் மறுபடி கடிதம் போடும். குருத்தெலும்பு இன்னும் கொஞ்சம் இடிக்கும். இடிந்த துண்டுகள் உறையை உறுத்தும். செக்கு மாடு போல இது சுற்றிக்கொண்டே இருக்கிறது. அடிபட்ட முழங்கால், குத்துக்காலிட்டே உழைத்த முழங்கால், அதிக எடையைத் தாங்கிய முழங்கால் என்று தொடக்கம் எதுவானாலும், இந்தச் சுற்று ஆரம்பித்துவிட்டால் பிறகு அது தன் போக்கில் ஓடுகிறது. 'தேய்மானம்' என்ற சொல் சொல்லாமல் விட்ட பகுதி இதுதான்.

பெண்களுக்கு ஏன் அதிகம் என்ற கேள்வியையும் இந்தப் பைகளிடம் கேட்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் ரவீந்திர கோல்ஹே, சதானந்த் ஃபுல்ஸலே ஆகியோர் அடங்கிய குழு 2017-இல், மூட்டு நீரிலுள்ள எக்ஸோசோம்களில் ஆணுக்கு ஒரு மாதிரி, பெண்ணுக்கு ஒரு மாதிரி மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் மாறுவதைக் கண்டது. பெண்களிடம் மாறியவற்றில் சில, ஈஸ்ட்ரோஜனுக்குக் கட்டுப்பட்டவை. மாதவிடாய் நின்ற பிறகு முழங்கால் பிடித்துக்கொள்வதாக நம் வீட்டுப் பெண்கள் சொல்வதை இனி ஒதுக்கித் தள்ள முடியாது. ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட ஆட்கள் குறைவு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நண்பர்களே, இதுவரை சொன்னது ஆய்வகத்துக் கதை. இதைப் பணம் கொடுத்து வாங்கும் கட்டத்துக்கு நம்மில் சிலர் வந்துவிட்டதால் அடுத்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை.

கெட்ட கடிதம் போடும் பை இருந்தால் நல்ல கடிதம் போடும் பையும் இருக்குமல்லவா? இருக்கிறது. 2016-இல் சிங்கப்பூரில் தோ வெய் செங், லிம் சாய் கியாங் ஆகியோரின் குழு, ஸ்டெம் செல் வெளியிட்ட எக்ஸோசோம்களை எலியின் முழங்காலில் வாரம் ஒரு ஊசியாகப் பன்னிரண்டு வாரம் போட்டது. குருத்தெலும்பிலும் அடியெலும்பிலும் துளையிட்டிருந்த இடம் நன்றாகவே நிரம்பியது. ஹண்டரின் 1743-ஆம் வருஷத்து வாசகத்துக்கு எதிராகக் கிடைத்த நம்பிக்கையான சாட்சிகளில் இதுவும் ஒன்று. ஆனால் அது எலியின் முழங்கால். இளம் எலியின் புதுக் காயம். அறுபது வயது மனிதரின் இருபது வருஷ நோயும் அதுவும் ஒன்றல்ல.

என் அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயதானபோது, ஒரு நகரத்து கிளினிக்கின் வண்ண நோட்டீசைக் கொண்டுவந்து காட்டினார் உறவினர் ஒருவர். "எக்ஸோசோம் ஊசி, ஆபரேஷன் இல்லாமல் புது முழங்கால்." ஒரு முழங்காலுக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம். அம்மா தோட்டத்தின் ஒரு பகுதியை அடமானம் வைக்கலாமா என்று கேட்டார். நான் அந்த கிளினிக்குக்குப் போன் செய்து, இந்த ஊசியை எந்த நோயாளிகளிடம் பரிசோதித்தீர்கள், எந்த இதழில் வெளியிட்டீர்கள், பைகள் எந்தச் செல்லிலிருந்து வருகின்றன என்று மூன்று கேள்வி கேட்டேன். "டாக்டர் பிஸி, நேர்ல வாங்க சார்" என்றார்கள். நாங்கள் போகவில்லை.

அமெரிக்காவில் இதற்கு முன்பே ஒரு விபரீதம் நடந்திருந்தது. நெப்ராஸ்கா மாநிலத்தில் எக்ஸோசோம் என்று விற்கப்பட்ட பொருளைப் போட்டுக்கொண்ட சிலருக்குக் கடுமையான பாதிப்பு ஏற்பட்டதைத் தொடர்ந்து, 2019 டிசம்பரில் அந்நாட்டின் உணவு மருந்து நிர்வாகம், தான் அங்கீகரித்த எக்ஸோசோம் மருந்து எதுவுமே கிடையாது என்று பகிரங்கமாக எச்சரித்தது. நம் நாட்டிலும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டி நெறிகள், ரத்த நோய்கள் போன்ற ஏற்கெனவே ஒப்புக்கொள்ளப்பட்ட சிலவற்றைத் தவிர மற்ற ஸ்டெம் செல் சிகிச்சைகளை முறையான பரிசோதனைக்குள் மட்டுமே செய்யலாம், அதற்கு நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது என்றே சொல்கின்றன. பரிசோதனை என்றால் பணம் கேட்க மாட்டார்கள். பணம் கேட்டால் அது பரிசோதனை அல்ல. இந்த ஒரு அளவுகோல் போதும்.

ஒரே ஒரு செய்தியை அடைத்துவிட்டால் நோய் நின்றுவிடும் என்ற எண்ணமும் பலிக்கவில்லை. இன்டர்லூக்கின்-1 தான் வில்லன் என்று நம்பி, அதை மறிக்கும் அனகின்ரா மருந்தை முழங்காலுக்குள் ஊசியாகப் போட்டுப் பார்த்தார்கள். 2009-இல் வந்த முடிவில், வெறும் உப்புநீர் போன்ற போலி ஊசியைவிட அது மேலானதாகத் தெரியவில்லை. பின்னால் வந்த லூட்டிகிசுமாப் என்ற மருந்தும் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. ஒரு கடிதத்தில் ஒரே வார்த்தை இருந்தால் அதை அழித்துவிடலாம். ஒரு பையில் நூற்றுக்கணக்கான வார்த்தைகள் இருக்கின்றன. இந்தத் தோல்விகள் நுண்பை ஆராய்ச்சிக்கு மறைமுகமாக வலுச் சேர்த்தன என்பது என் கருத்து.

அடைபடாத அந்தச் சுற்றைக் கொஞ்சமாவது மட்டுப்படுத்துவது எது என்று பார்த்தால், விடை ஏமாற்றம் தரும் அளவுக்குச் சாதாரணமானது. ஸ்டீஃபன் மெஸ்ஸியரின் குழு 2005-இல் கணக்கிட்டது: உடம்பில் ஒரு கிலோ குறைந்தால், எடுத்து வைக்கும் ஒவ்வொரு அடியிலும் முழங்காலின் மேல் விழும் பாரம் நான்கு கிலோ குறைகிறது. 2013-இல் அதே குழு, எடை கூடிய 454 பேரைப் பதினெட்டு மாதம் கவனித்து வெளியிட்ட முடிவில், உணவுக் கட்டுப்பாடும் உடற்பயிற்சியும் சேர்ந்தபோது வலி குறைந்ததோடு, ரத்தத்தில் இன்டர்லூக்கின்-6 என்ற அழற்சிப் பொருளும் உடற்பயிற்சி மட்டும் செய்தவர்களைவிடக் குறைந்திருந்தது. பாரம் குறைந்ததால் மட்டும் அல்ல, செய்திப் போக்குவரத்தும் தணிந்ததால் வலி குறைந்தது என்று இதைப் படிக்கலாம். "வலிக்குது, அதனால நடக்கல" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ரத்தக் குழாய் இல்லாத குருத்தெலும்புக்கு, நடப்பதுதான் சோறு ஊட்டுவது. அம்மா அடமானம் வைக்காமல் மிச்சம் பிடித்த பணத்தில் ஒரு சிறு தொகையில் முக்காலி உயரத்துக்கு மணை செய்து கொடுத்தோம். குத்துக்காலிடுவதை விட்டார். தொடைத் தசையைப் பலப்படுத்தும் பயிற்சியை அரசு மருத்துவமனையில் கற்றுக்கொடுத்தார்கள். வலி போய்விடவில்லை. தேருக்கு நடந்து போய் வந்தார், அவ்வளவுதான்.

கடைசியாக, ஆய்வுக்குப் போக நினைக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு தகவல். 2011-இல் செல்வெளி நுண்பைகளுக்கென்று ஒரு சர்வதேசச் சங்கம் தொடங்கப்பட்டது. 2014, 2018, 2023 என மூன்று தடவை, எதை நுண்பை என்று ஒப்புக்கொள்வது, எப்படிப் பிரிப்பது என்று அது விதிமுறைகள் வகுத்துத் திருத்தியிருக்கிறது. இத்தனை தடவை திருத்த வேண்டியிருந்ததிலிருந்தே சிக்கலை ஊகிக்கலாம். மூட்டு நீரில் அந்தச் சிக்கல் இரட்டிப்பு. அதன் வழுவழுப்புக்குக் காரணமான ஹையலூரோனிக் அமிலம் நீரைக் கஞ்சி போலக் கெட்டியாக்குகிறது, சுழற்றினால் நுண்பைகள் படிய மறுக்கின்றன. முதலில் ஒரு நொதியைச் சேர்த்து அந்தக் கஞ்சியை நீர்க்கச் செய்ய வேண்டும். எவ்வளவு சேர்ப்பது, எவ்வளவு நேரம் வைப்பது என்பதில் ஆய்வகத்துக்கு ஆய்வகம் வேறுபாடு, அதனால் கிடைக்கும் முடிவுகளிலும் வேறுபாடு. நம் ஊர் முழங்கால்களின் நீரில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.